பன்னிரண்டு தகடுகளின் முகம்

அன்று பகல் பன்னிரண்டே காலுக்கு எங்கள் கண்ணாடிப் பட்டறையின் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மருமகள், பட்டறையில் முப்பத்தொரு வருடமாக மெருகு போடுகிற பாலிஷ், துப்பறியும் மேடம், மேடத்தின் உதவியாளர் கொசுறு. என் மகன் இல்லை. லாரியில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். போனை எடுக்கவில்லை.

மேஜைமேல் ஒரு கடிதம் கிடந்தது. தட்டச்சு செய்த நான்கே வரி. "நான் உருவாக்கிய சூரிய மின்கலத்தில் பிளாட்டினத்தை ஒளித்துவைத்து, பிளாட்டினம் இல்லாத மின்கலம் என்று சொல்லி ஆய்வுக் கழகத்தை ஏமாற்றினேன்." கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கழகத்தின் விசாரணைக் குழு மூன்று மணிக்கு வந்து அதை வாங்கிக்கொள்ளும். கையெழுத்துப் போட்டால் என் மருமகள் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம். போடாவிட்டால் அவள் பெயர் எல்லா ஆய்வகங்களுக்கும் போகும். அதன் பிறகு ஒரு கண்ணாடிக் குடுவையைக்கூட அவள் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பேனாவின் மூடியை அவள் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தாள்.

"போட்டுட்டா முடிஞ்சுது மாமா. பட்டறை பேரு வெளிய வராது."

"போட்டா நீயே உன்னைப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி."

"போடலேன்னா அவங்க சொல்லுவாங்க. யாரு சொல்றாங்கங்கறதுதான் வித்தியாசம்."

மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மேடத்தை அழைத்தது நான். முன்பு அவர் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தார். ஒரு லாரிக் கண்ணாடி உடைந்த விவகாரத்தில் எங்களுக்கு எதிராக வந்து எங்களைத் தோற்கடித்தவர். என்னைத் தோற்கடித்தவரைத்தான் நான் நம்புவேன். ஆனால் வந்தவுடன் ஒரு நிபந்தனை சொன்னேன்.

"வெளியாளு யாரோ செஞ்ச சதி இது. எங்க வீட்டு ஆளுங்களை விசாரிக்க வேண்டாம்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயது, நரைத்த குட்டை முடி, கைக்கடிகாரம் ஆண்கள் கட்டுவது. "வீட்டு ஆளுங்களை விட்டுட்டா மிச்சம் கண்ணாடிதான் இருக்கு. கண்ணாடியை விசாரிக்கவா?"

"விசாரிக்கலாம் மேடம். கண்ணாடி பொய் சொல்லாது" என்றார் கொசுறு. "எங்க வீட்டுக் கண்ணாடி தினம் காலைல என் தொப்பையைக் காட்டி அசிங்கப்படுத்துது. ஒரு நாளாவது மழுப்பியிருக்கா? இல்ல."

கொசுறுக்கு நாற்பது வயதிருக்கும். மேடத்தை அமர்த்தினால் தான் இலவசமாக வருவதாக அவரே சொல்லிக்கொள்வார். பெயர் அப்படி வந்தது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சாவு வீட்டில் சிரிக்கிற ஆள் போலத் தோன்றியது.

"நீ சொல்லும்மா" என்று மேடம் என் மருமகளிடம் திரும்பினார். "எனக்குப் புரியற மாதிரி."

அவள் தீப்பெட்டி அளவு மின்கலம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். நான் அதை மூலையில் பிடித்துத் தூக்கி மேடத்திடம் காட்டினேன். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே துளி அயோடின் திரவம். ஒரு தகட்டில் சாயம் ஊறிய பூச்சு. வெயில் பட்டால் அந்தச் சாயத்திலிருந்து மின்சாரம் கிளம்பி, கம்பி வழியாக வெளியே சுற்றி, மறு தகட்டின் வழியாகத் திரவத்துக்குள் திரும்ப வேண்டும். மறு தகட்டுக்கு எதிர்முனை என்று பெயர். திரும்பி வருகிற மின்சாரத்தைக் கைபிடித்து உள்ளே விட எதிர்முனையில் வழக்கமாகப் பூசுவது பிளாட்டினம்.

"அதோட விலைக்கு இந்த மின்கலம் ஏழை வீட்டுக் கூரைக்கு என்னைக்குமே போகாது. அதனால நான் கரி பூசினேன். பென்சில்ல இருக்கிற கரி, புகைக்கரி, ஒட்டறதுக்குப் பசை. அவ்வளவுதான். பிளாட்டினத்துக்குச் சமமா மின்சாரம் வந்துச்சு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"நான் அனுப்பின ஆறுல ஒண்ணைப் பிரிச்சு, எதிர்முனைத் தகட்டை முழுசா அமிலத்துல ஊறப்போட்டாங்க. அமிலத்துல பிளாட்டினம் வந்துச்சு. கரிக்கு அடியில ஒளிச்சு வெச்சேங்கறாங்க."

"ஒளிச்சியா?"

"இல்ல."

"அப்ப எப்படி வந்துச்சு?"

"தெரியல." அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "மூணு நாளா அதைத்தான் யோசிக்கிறேன். தெரியலன்னு சொன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

"இங்க பிளாட்டினமே கிடையாதா?"

"ஒரு சின்ன பாட்டில்ல கரைசலா இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு மட்டும். அதைத் தகட்டுல பூசி அடுப்புல நானூறு டிகிரி வெச்சா ஒட்டிக்கும். பூசினதே கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒட்டினது ஒட்டினதுதான்."

மேடம் கழகத்தின் அறிக்கையை எடுத்து விரலால் வரி வரியாக ஓட்டினார். "கரிப்பசை ஜாடியைச் சோதிச்சிருக்காங்க, அதுல பிளாட்டினம் இல்ல. திரவத்துலயும் இல்ல. உள்ள வர்ற வழி மூணு. ரெண்டு வழி அடைச்சிருக்கு. மிச்சம் கண்ணாடிதான். சொன்னேன்ல ஐயா, கண்ணாடியைத்தான் விசாரிக்கணும்."

"கண்ணாடி புதுசு. கம்பெனி பெட்டியில வந்தது" என்றாள் மருமகள்.

"இந்த ரூமுக்குச் சாவி யார் கிட்ட?"

"ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு மாமாகிட்ட."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சுவரலமாரியில் 'வெறும் தகடு' என்று எழுதிய பெட்டி இருந்தது. அதில் பழைய கட்டிலிருந்து மிஞ்சியவை ஐந்து தகடுகள். கொசுறு அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, "அஞ்சு பேரும் லைன்ல நில்லுங்க, யாரு திருடன்?" என்று கேட்டபடி மேஜைமேல் அடுக்கினார். ஐந்தாவது அவர் விரலைக் கிழித்தது.

"ஐயோ! பார்த்தீங்களா, விசாரிச்சவுடனே கத்தியை எடுத்துடுச்சு."

மருமகள் முதலுதவிப் பெட்டியிலிருந்து புண் கழுவுகிற பெராக்சைடை எடுத்து அவர் விரலில் ஊற்றினாள். விரலில் நுரைத்தது. வழிந்த துளி ஒன்று கீழிருந்த தகட்டின்மேல் விழுந்தது. அங்கேயும் நுரைத்தது.

கொசுறு குனிந்து பார்த்தார். "மேடம், கண்ணாடிக்கும் காயம் போல."

"ரத்தம் பட்டாலும் நுரைக்கும்" என்று மருமகள் சலிப்போடு சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். பஞ்சை எடுத்துத் தகட்டை ஆல்கஹாலில் இரண்டு முறை துடைத்தாள். புதுச் சொட்டுக்குழாயால் ஒரு சொட்டு விட்டாள்.

பொடிப் பொடியாகக் குமிழிகள் எழுந்தன.

"ரத்தம் இல்ல" என்றார் மேடம் மெதுவாக. "வேற எது பட்டா இப்படி நுரைக்கும்?"

மருமகளின் உதடு வெளுத்துவிட்டது. "பிளாட்டினம்."

அந்த நிமிடத்தில் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கல்லும் கலங்கியிருக்கும். அவளுடைய வெறும் தகடு வெறும் தகடு அல்ல. ஏமாற்றவில்லை என்றாலும் அவளுடைய மின்கலம் பிளாட்டினத்தால்தான் ஓடியிருக்கிறது. மூன்று வருட உழைப்பு வெறும் கரி. அவள் பேனாவை எடுத்தாள்.

"நான் தப்புப் பண்ணலேன்னாலும் என் கரி வேலை செய்யல. அப்ப போட வேண்டியதுதான்."

"கொசுறு, பேனாவைப் பிடுங்கு" என்றார் மேடம்.

"பிடுங்கியாச்சு."

"நீ ஒரு தகடு எடுத்தா எந்தப் பக்கம் பூசுவே?"

"இந்தக் கண்ணாடில ஒரு பக்கம்தான் மின்சாரம் ஓடும். அதுக்கு மட்டும் ஒரு மெல்லிசுப் பூச்சு கம்பெனிலயே போட்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. மீட்டரை வெச்சா அந்தப் பக்கம் கத்தும். கத்தற பக்கத்துலதான் பூசுவேன்."

"வெச்சுப் பாரு."

அவள் மீட்டரின் இரண்டு முனைகளையும் நுரைத்த பக்கத்தில் வைத்தாள். மீட்டர் கத்தவில்லை. தகட்டைத் திருப்பி வைத்தாள். "பீப்" என்று நீளமாகக் கத்தியது. கத்திய பக்கத்தில் பெராக்சைடு சொட்டு விட்டாள். சொட்டு அப்படியே தண்ணீர் மாதிரி நின்றது. ஒரு குமிழி இல்லை.

இரண்டாவது தகடு. மூன்றாவது. ஐந்தும் அப்படியே. கத்துகிற பக்கம் நுரைக்கவில்லை. நுரைக்கிற பக்கம் கத்தவில்லை.

"பின்பக்கம்" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "பிளாட்டினம் பின்பக்கத்துல இருக்கு. திரவம் படறது முன்பக்கம். பின்பக்கம் வெளிக்காத்துலதான் இருக்கும். அது வேலையே செஞ்சிருக்காது! முழுத் தகட்டையும் அமிலத்துல போட்டா எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புரிஞ்சுது" என்றார் கொசுறு. "வீட்டுக்குள்ள ஒருத்தர் பாத்திரம் விளக்கறாரு. வெளிய வாசல்கிட்ட ஒரு பணக்காரர் சும்மா நின்னுட்டு இருக்காரு. உள்ள போய்ப் பார்க்காம, பாத்திரம் பளபளன்னு இருக்கே, பணக்காரர்தான் விளக்கியிருப்பாருன்னு எழுதிட்டாங்க."

அவள் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை.

"சந்தோஷப்படாதே. பின்பக்கம் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. தெரியலன்னு சொன்னா, நேத்து நீயே பூசி வெச்சு இன்னைக்குக் கதை கட்டறேன்னு சொல்லுவாங்க. பூசின கை எதுன்னு தெரியணும். மணி ஒண்ணு பத்து."

அவள் சிரிப்பு அணைந்தது.

"நல்லா யோசி. ஒப்பீட்டுக்கு யாராவது உனக்குப் பதிலாப் பூசினாங்களா?"

"மூணு மாசம் முன்னாடி எனக்குக் காய்ச்சல். மூணு நாள் எழுந்திருக்கல. பன்னிரண்டு தகடு பூச வேண்டியிருந்துச்சு. மாமாகிட்ட போன்ல சொல்லி, பாலிஷ் அண்ணனைப் பூசச் சொன்னேன். எழுந்து வந்து கத்தற பக்கத்தைச் சோதிச்சுப் பார்த்தா பன்னிரண்டுலயும் பூச்சே இல்ல. வேலையைச் செய்யாம விட்டுட்டாருன்னு திட்டினேன். எல்லாமே வெறும் தகடாத்தான் இருக்குன்னு நானே இந்தப் பெட்டியில திரும்பப் போட்டேன்." அவள் பாலிஷைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

பாலிஷ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"போன்ல என்ன சொன்னே? அதே வார்த்தையைச் சொல்லு" என்றார் மேடம்.

"முகத்துல ஒரு தடவை பூசி அடுப்புல வைக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

"முகம்னா?"

"கத்தற பக்கம். பூச்சு இருக்கிற பக்கம்தானே முகம்."

மேடம் எழுந்து ஒரு தகட்டைப் பாலிஷிடம் நீட்டினார். "அண்ணே, இந்தப் பக்கம் பூச்சு இருக்கு, அந்தப் பக்கம் வெறும் கண்ணாடி. முகம் எது?"

பாலிஷ் யோசிக்கவே இல்லை. வெறும் கண்ணாடிப் பக்கத்தைத் தொட்டார். "இது முகம். பூச்சு இருக்கிறது முதுகு. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ரசம் முதுகுலதானேம்மா பூசறோம்? பார்க்கிற பக்கம் முகம்."

கீழே மெருகுச் சக்கரம் யாரும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஓசை மட்டும் கேட்டது. எங்கள் பட்டறையில் மூன்று தலைமுறையாக அதுதான் முகம். அவளுக்கு வேறு முகம். ஒரே வீட்டில், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, நாங்கள் வேறு வேறு பக்கங்களைப் பார்த்துப் பேசியிருக்கிறோம்.

"நான்தாம்மா பூசினேன்" என்றார் பாலிஷ். "தப்பான பக்கம் பூசிட்டேன். திட்டும்போது சொல்லப் பயமா இருந்துச்சு. குழு வரட்டும், நானே சொல்லிடறேன்."

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொசுறு கைதட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேடம் ஐந்து தகடுகளையும் நுரைக்கிற பக்கம் மேலாகப் பரப்பி, முழுக்க நனையும்படி பெராக்சைடு ஊற்றினார். குமிழிகள் கோடு கோடாக எழுந்தன. ஐந்து நேர் இழுப்புகள், அளவுகோல் வைத்து இழுத்தது போல. இடது கீழ் மூலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, குமிழி இல்லை. ஐந்திலும் அதே மூலை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கீழே போய் வந்தார். பிறகு, "பாலிஷ் அண்ணே, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி" என்றார்.

பாலிஷ் கொண்டுவந்தார். டம்ளர் அவர் கையில் நடுங்கி, பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"நாலு வருஷமா இப்படித்தாம்மா" என்று கூச்சத்தோடு சொன்னார். "சக்கரத்துல உக்காந்தா மட்டும் நடுங்காது."

"ஐயா, கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்றார் மேடம் என்னிடம்.

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றோம். மணி இரண்டு இருபது. கொசுறும் பின்னாலேயே வந்தார்.

"அந்தக் கோடு நடுங்கற கை போட்டது இல்ல" என்றார் மேடம். "ரெண்டு சாவி. ஒருத்தி காய்ச்சல்ல படுத்திருந்தா."

நான் ஒரு படி இறங்கினேன்.

"நீங்க மேல அந்த மின்கலத்தை எடுத்துக் காட்டினீங்க. இடது கட்டைவிரலை மூலையில வெச்சுப் பிடிச்சீங்க. ரசம் பூசறவங்க அப்படித்தான் பிடிப்பாங்களாமே? கீழ ஒரு ஆளைக் கேட்டேன்."

நாற்பது வருடம் ரசம் பூசிய கை இது. என் கண்ணாடியில் யாரும் ஒரு புள்ளி காட்டியதில்லை. அன்று பாலிஷிடம் சொல்லச் சொன்னாள். இந்தக் கையை விட்டுவிட்டு நடுங்குகிற கையிடம் கொடுப்பதா என்று நானே மாடியேறிப் பூசினேன். பன்னிரண்டு தகடு. பிறகு அவள் வந்து பூச்சே இல்லை என்றபோது, என் பூச்சு ஒட்டவில்லை, கை விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவள் பாலிஷைத் திட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

"இதை யாருக்கும் தெரியாம முடிக்க முடியுமா?" என்று கேட்டேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"முடியாது."

"பாலிஷ் ஒத்துக்கிட்டான்ல."

"குழுவுல ஒருத்தர் 'பூசிக் காட்டுங்க'ன்னு சொன்னா?" என்றார் கொசுறு. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "அண்ணன் கையில பிரஷ் கொடுத்தா மேஜை, நாற்காலி, தலைவர் மூக்கு எல்லாத்துலயும் பிளாட்டினம் இருக்கும் ஐயா. பொய்னு உடனே தெரிஞ்சுடும்."

"ஒரு பொய் சிக்கிட்டா மிச்ச உண்மையும் அதோட போயிடும்" என்றார் மேடம். "வீடே சேர்ந்து அவளைக் காப்பாத்த நாடகம் போடறாங்கன்னு எழுதிடுவாங்க. அவ கதை அத்தோட முடிஞ்சுது. நான் எதையும் சொல்லப் போறதில்ல. நீங்க சொன்னா உண்டு."

எங்கள் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கடன் கேட்டவன் இல்லை, பொய்ச் சாட்சி சொன்னவன் இல்லை என்று ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவன் நான். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அவள் பாலிஷிடம் ஏதோ சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். செய்யாத தப்புக்கு அவள் திட்டினாள். செய்யாத தப்பை அவர் ஒத்துக்கொள்கிறார். அதற்கு அவள் மன்னிக்கிறாள். இதில் என் பங்கு மட்டும் மீதி.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. மூன்று மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒல்லியான மனிதர். உட்காரும்முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். கடிதத்தைப் பார்த்தார். கையெழுத்து இல்லை.

"மூணு மணின்னு சொல்லியிருந்தோமே."

மருமகள் நடந்ததைச் சொன்னாள். பெராக்சைடு, மீட்டர், முகம், முதுகு. அவள் குரல் இடையில் இரண்டு முறை உடைந்தது. தலைவர் கடைசிவரை கேட்டார். பிறகு புருவத்தை உயர்த்தினார்.

"மூணு மாசமா யாருக்கும் தெரியாத விஷயம், நாங்க வர்ற அன்னைக்குத் தெரிஞ்சுதா? ரொம்பச் சௌகரியம். யாரு பூசினது?"

"நான்தாங்க" என்று பாலிஷ் ஒரு அடி முன்னால் வந்தார்.

"பூசிக் காட்டுங்க."

கொசுறு கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் நம்பிக்கையோடு பிரஷையும் கரைசலையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். வேலை என்றால் அவர் கை நிற்கும் என்று நம்பினாள்; பூசியது நான் என்பது அவளுக்குத் தெரியாது. பாலிஷின் கை பிரஷை நோக்கி நீண்டது. விரல்கள் நடுங்கின. தலைவரின் பார்வை அந்த விரல்களில் நின்றது.

"அவன் பூசல" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பூசினது நான். அவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான். நகரு."

"முதலாளி, வேண்டாம்" என்றார் பாலிஷ்.

"நகருன்னு சொன்னேன்."

நான் பிரஷை எடுத்தேன். "முகத்துல ஒரு தடவை பூசணும், அவ்வளவுதானே?" என்று தலைவரிடம் கேட்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் யோசித்துச் செய்யவில்லை. தகட்டை எடுத்தேன். இடது கட்டைவிரல் தானாக மூலைக்குப் போனது. வலது கை தகட்டைத் தானாகத் திருப்பியது. ஐந்து இழுப்பு. மேஜைமேல் வைத்தேன். மஞ்சள் கரைசல் ஐந்து நேர்கோடாக நின்றது, இடது கீழ் மூலையில் கட்டைவிரல் அளவு இடைவெளியோடு.

மேடம் பழைய தகடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பெராக்சைடு ஊற்றினார். அதே ஐந்து கோடு நுரைத்தது. அதே மூலை வெறுமையாக இருந்தது. தலைவர் தானே மீட்டரை எடுத்து நான் பூசிய பக்கத்தில், ஈரம் படாத அந்த மூலையில் வைத்தார். கத்தவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன்.

"சரி. பிளாட்டினம் வந்த வழி இது" என்றார். "ஆனா பின்பக்கம் இருந்தாலும் அது வேலை செய்யலேன்னு எப்படிச் சொல்றீங்க? அந்தப் பிளாட்டினத்தை எடுத்துட்டு ஓட்டிக் காட்ட முடியுமா?"

"புதுசாச் செஞ்சா சாயம் ஊறவே ஒரு நாள் ஆகும்" என்றாள் மருமகள்.

"குழு இன்னைக்கே முடிவு எழுதணும்."

அந்தக் கட்டுத் தகடுகளால் செய்த மின்கலங்களில் மிஞ்சியது மேஜைமேல் இருந்த ஒன்றே ஒன்றுதான். அதன் பின்பக்கத்தைச் சுரண்டி எடுக்கவேண்டும். முடி அளவு ஆழம் கூடினால் கண்ணாடி விரியும், திரவம் ஒழுகும், காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் அதை விளக்குக்குக் கீழே வைத்து அளந்தார்கள். மீட்டரில் பன்னிரண்டு புள்ளி நான்கு மில்லிஆம்பியர். தலைவர் எழுதிக்கொண்டார்.

பாலிஷ் மின்கலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படி இறங்கினார். நாங்கள் அனைவரும் பின்னால் போனோம். சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். பொடியைத் தண்ணீரில் குழைத்துச் சக்கரத்தில் தடவினார். அவர் சொன்னது உண்மை. உட்கார்ந்தவுடன் கை நின்றுவிட்டது. தகட்டின் முதுகைச் சக்கரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தார். கிர்ர்ரென்று ஒரு மெல்லிய சத்தம். ஒரு நிமிடம். இரண்டு.

"டிக்" என்று கேட்டது.

மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டதில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்று கொசுறின் குரல் வந்தது. "என் முழங்கால்."

பாலிஷ் தலையைக்கூடத் திருப்பவில்லை. மின்கலத்தை எடுத்துத் துடைத்து நீட்டினார். விரிசல் இல்லை. தலைவர் பெராக்சைடு விட்டார். சொட்டு அப்படியே நின்றது. குமிழி இல்லை. இன்னொரு சொட்டு. இல்லை.

மாடியில் அதே விளக்கு, அதே தூரம். மருமகள் கம்பிகளை மாட்டினாள். அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு புள்ளி நாலு" என்று தலைவர் படித்தார்.

கரி மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. முதலிலிருந்தே.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று நாளுக்கும் சேர்த்து அழுதாள். தலைவர் கடிதத்தை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மிச்ச ஐந்து மின்கலங்களையும் இதேபோல் சோதித்துவிட்டு எழுதுவதாகச் சொன்னார். பதினொரு நாள் கழித்து எழுதினார்கள். குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. பிளாட்டினம் இல்லாத எதிர்முனை, அவளுடைய பெயரில் பதிவாகியிருக்கிறது.

குழு போனபின் அவள் என்னிடம் வந்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லியிருக்கலாம்."

"பாலிஷ் அண்ணனை அவ்வளவு திட்டினேன்."

"தெரியும். நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அவள் மேஜையை ஒழுங்குபடுத்தப் போனாள். பாலிஷிடம் என்ன சொன்னேன் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

இப்போது கண்ணாடிக் கடைத் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. உண்மையில் பூசியது பாலிஷ்தான் என்றும், மருமகளையும் பழைய தொழிலாளியையும் காப்பாற்றப் பெரியவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றும், அந்தக் குடும்பத்துப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்றும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

அது பொய். பாலிஷ் அந்தத் தகடுகளைத் தொடவே இல்லை. பன்னிரண்டையும் தப்பான பக்கத்தில் பூசியவன் நான்.